விசிட் விசாவும் நாம் கொடுத்த வாக்கும்



 

  

எமது ஊர்களில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் யாராவது ஓர் இளைஞர் இமாமின் அருகில் வந்து, "ஹஸ்ரத், அடுத்த கிழமை பயணம், துஆச் செய்துகொள்ளுங்கள்" என்று கேட்பது இப்போது வழமையாகிவிட்டது. எந்த நாட்டுக்கு என்று கேட்டால் துபாய் என்பார், கட்டார் என்பார். என்ன வேலை என்று கேட்டால் பதில் சற்றுத் தயங்கி வரும். "விசிட்டில்தான் போகிறேன். அங்கே போய் வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாமாம்."

அந்தச் சொல்லின் இறுதியில் நிற்கும் 'ஆம்' என்ற சிறு ஒலியைக் கவனியுங்கள். தான் கண்டறியாத ஒன்றை, பிறர் சொல்லக் கேட்டதாகச் சொல்லும்போதுதான் தமிழில் அவ்வாறு முடிப்போம். யார் சொன்னார்? முகவர் சொன்னார், முகவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர் சொன்னார், அடுத்த தெருவில் ஒருவருடைய மச்சான் அப்படிப் போய் நன்றாக இருக்கிறாராம். இந்த 'ஆம்' ஒன்றை நம்பி உம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. காணி உறுதி அந்நியர் கைக்குப் போகிறது. ஆகவே இந்தப் பயணத்தை மார்க்கத்தின் அளவுகோலாலும், அந்நாடுகளின் சட்டம் உண்மையில் சொல்வதைக் கொண்டும் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டுச் செல்வதை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. பூமியை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்திருப்பதாகவும், அதன் நாலா புறங்களிலும் நடந்து தனது ரிஸ்கை உண்ணுமாறும் சூரத்துல் முல்க்கின் 15ஆவது வசனத்தில் அல்லாஹ் பணிக்கிறான். சூரத்துல் முஸ்ஸம்மிலின் இறுதி வசனம் இன்னும் ஆழமானது. இரவுத் தொழுகையில் சலுகை வழங்கப்பட்டோர் யாவர் எனக் கூறும்போது, அல்லாஹ்வின் பாதையில் போராடுவோரைக் குறிப்பிடுவதற்கு முன்னரேயே, அவனது அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரை அது குறிப்பிடுகிறது. மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்கள், தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழருக்காக பரக்கத்தை வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டுமாறு மாத்திரமே கேட்டார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நாம் இந்த நாட்டில் இருப்பதே, நம் மூதாதையருள் அரபு வணிகர் பலர் தொழில் தேடிக் கடல் கடந்து வந்து பேருவளை போன்ற துறைகளில் இறங்கியதால் அல்லவா?

எனவே போவதா, இருப்பதா என்பது இங்கு கேள்வியன்று. எவ்வாறு போவது என்பதே கேள்வி.

1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. எமது மக்கள் செல்லத் தொடங்கினர். அவர்களைப் பதிவுசெய்து பாதுகாக்கவும், முகவர்களைக் கட்டுப்படுத்தவுமென 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி, அக்கரைப்பற்று, புத்தளம் என எந்த ஊரை எடுத்தாலும் ரியாலும் திர்ஹமும் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன, மஸ்ஜித்கள் நிற்கின்றன. பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்திற்கும் அதிகமானோர் பணியகத்தில் பதிந்து புறப்பட்டனர். பதியாமல், சுற்றுலாப் பயணிபோல் கட்டுநாயக்கவைக் கடந்தவர்கள் இக்கணக்கில் இல்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

வெளியூரில் வேலை தேடிச் சென்ற ஓர் இளைஞரின் வரலாற்றை அல்குர்ஆனே விரிவாகக் கூறுகிறது. அவர் ஒரு நபி. சூரத்துல் கஸஸைத் திறந்து பாருங்கள். மிஸ்ரிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறிய மூஸா (அலை) அவர்கள் மத்யனின் நீர்த்துறையை வந்தடைகிறார்கள். கையில் காசில்லை; அந்த ஊரில் உறவினர் எவருமில்லை. ஆடுகளுக்கு நீர் புகட்ட முடியாமல் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு, கூலி எதுவும் பேசாமல் உதவிவிட்டு, நிழலில் ஒதுங்கி, தனக்கு எந்த நன்மையை அவன் இறக்கினாலும் அதன்பால் தான் தேவையுடையவன் என்று இரட்சகனிடம் முறையிடுகிறார்கள். சற்று நேரத்தில் அப்பெண்களுள் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறாள். அந்தப் பெரியவர் நபி ஷுஐப் (அலை) அவர்களே எனச் சொல்வோரும் உளர். வேறொரு நல்லடியார் என்போரும் உளர். அது நமது பேச்சுக்கு அவசியமில்லை. பின்னர் நடைபெறுவதே அவசியமானது.

கூலிக்கு அமர்த்தத் தகுந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உடையவரே என மகள் சொல்ல, தந்தை ஓர் ஒப்பந்தத்தை முன்வைக்கிறார். கூலி எது என்பது சொல்லப்படுகிறது: தன் மகளை மணமுடித்துக் கொடுத்தல். காலம் எவ்வளவு என்பது சொல்லப்படுகிறது: எட்டு ஆண்டுகள். பத்தாகப் பூர்த்தி செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம், கட்டாயமன்று. முதலாளி தரப்பின் உறுதிமொழியும் உண்டு: உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்கிறார் அவர். இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் தன் மீது அத்துமீறல் கூடாது என்று வேலைக்கு வந்தவரும் தமது நிபந்தனையை வைக்கிறார். பேசியவற்றுக்கு அல்லாஹ் பொறுப்பாளனாக்கப்படுகிறான்.

நான்கு வசனங்களுக்குள் ஒரு முழுமையான வேலை ஒப்பந்தம் அடங்கியிருக்கிறது, வாசகர்களே. நாடு விட்டு ஓடி வந்த, ஒரு நேர உணவுக்கும் வழியற்ற மனிதர், எதுவானாலும் சரி, வேலை கிடைத்தால் போதும் என்று தலையாட்டவில்லை. எவ்வளவு காலம், என்ன கூலி, எது கட்டாயம், எது விருப்பம் என்பதைப் பேசித் தீர்த்த பின்னரே கோலைக் கையில் எடுத்தார்கள். அவ்விரண்டில் நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியதாகப் புகாரியில் வருகிறது. எமது தம்பிமாரில் எத்தனை பேர், விமானத்தில் ஏறும் நாளில், எந்தக் கம்பனி, எவ்வளவு சம்பளம், எத்தனை மணித்தியால வேலை என்பதைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார்கள்?

இனி, விசா என்றால் என்னவென்று பார்ப்போம். கடவுச்சீட்டில் ஒட்டப்படும் ஒரு தாள் என்றும், இப்போது கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு கோப்பு என்றும் மாத்திரமே நாம் அதை எண்ணுகிறோம். மார்க்கச் சட்ட நூல்களைக் கற்றோருக்கு அது புதியதொன்றன்று. ஒரு தேசத்தினுள் பாதுகாப்புடன் நுழைய வழங்கப்படும் அனுமதியை நமது இமாம்கள் 'அமான்' என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமான் இருபுறமும் கட்டுப்படுத்தும். நுழைந்தவருடைய உயிருக்கும் உடைமைக்கும் அத்தேசத்தார் பொறுப்பு. அத்தேசத்தாரின் நிபந்தனைக்கு நுழைந்தவர் பொறுப்பு. விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது நாம் கூறுவது என்ன? பார்வையிட வருகிறேன், இத்தனை நாட்களில் திரும்புவேன், இந்த விசாவில் ஊழியம் செய்யமாட்டேன் என்பதுதான். ஆங்கிலத்தில் இருந்ததால் வாசிக்கவில்லை என்பதோ, படிவத்தை முகவரே நிரப்பினார் என்பதோ அந்த வாக்கை இல்லாமலாக்கிவிடாது. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு சூரத்துல் மாஇதா தன் முதல் வசனத்திலேயே முஃமின்களைப் பணிக்கிறது. வாக்குறுதி பற்றி விசாரிக்கப்படும் என்று சூரத்துல் இஸ்ராவின் 34ஆவது வசனம் எச்சரிக்கிறது.

"அரசாங்கங்கள் போட்ட சட்டம்தானே ஹஸ்ரத், அல்லாஹ்வுடைய பூமிதானே" என்று சில இளைஞர்கள் வாதிப்பதுண்டு. கேட்பதற்கு அழகான வாதம். அவர்களுக்கு ஹுதைபா இப்னுல் யமான் (ரழி) அவர்களின் நிகழ்ச்சியை நினைவூட்டுவது பொருத்தம். அவர்களும் அவர்களது தந்தையும் மதீனா நோக்கிச் செல்லும் வழியில் குறைஷிக் காபிர்களிடம் அகப்பட்டார்கள். முஹம்மதோடு சேர்ந்து போரிடமாட்டோம் என்று வாக்களித்த பின்னரே விடுவிக்கப்பட்டார்கள். பத்ர் நெருங்கிக்கொண்டிருந்தது. முஸ்லிம்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். எதிரிகள் ஆயிரம் பேரளவில். ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட அந்த வேளையிலும், கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள், அவர்களுக்கெதிராக நாம் அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பணித்துவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது இடம்பெற்றுள்ளது. பகைவனுக்கு, நிர்ப்பந்தத்தில் கொடுத்த வாக்குக்கே இத்துணை கண்ணியம் என்றால், நாமாக விரும்பி, பணமும் கட்டி, விண்ணப்பித்துக் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு கண்ணியம் இருக்க வேண்டும்?

இப்போது நடைமுறைக்கு வருவோம். எமது இளைஞர் அதிகம் நாடும் ஐக்கிய அரபு இராச்சியத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே விசிட் விசாவில் சென்று, விண்ணப்பங்களைக் கொடுப்பதும் நேர்முகத்துக்குப் போவதும் ஒன்று. வேலையில் இறங்குவது வேறொன்று. வேலை வழங்குபவர் அமைச்சின் மூலம் வேலை அனுமதிப் பத்திரம் பெற்று, விசாவின் வகையை மாற்றிய பின்னரே ஒருவர் அங்கு ஊழியம் செய்ய முடியும். 'மாற்றிக்கொள்ளலாமாம்' என்ற சொல்லில் இவ்வளவுக்கு உண்மை உண்டு. பொய் எங்கே இருக்கிறதென்றால், வேலை கிடைப்பது உறுதி என்பதிலும், அனுமதி வரும்வரை 'சும்மா' வேலை செய்யலாம் என்பதிலும்தான். அந்தச் சும்மா வேலையில் பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. அனுமதியின்றி ஆட்களை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கான அபராதம் 2024ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி ஓர் இலட்சம் திர்ஹம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை உயர்ந்துள்ளது. ஆகவே நேர்மையான முதலாளி விசிட் விசாக்காரரைத் தொட அஞ்சுவார். எஞ்சியிருப்பவர் யார்? மூன்று மாதம் உழைப்பை வாங்கிக்கொண்டு, சம்பளம் கேட்கும் நாளில், உன் விசா என்ன விசா என்று திருப்பிக் கேட்கக்கூடியவர்.

வேலை தேடுவதற்கென்றே தனியொரு விசாவை அந்நாடு 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளில் அறிமுகப்படுத்தியது உண்மை. ஆனால் அது பட்டதாரிகளுக்கும் உயர் தொழில் தகைமை உடையோருக்குமானது. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய ஒரு தம்பிக்கு அதைக் காட்டிப் பணம் கேட்பவர் அவரை ஏமாற்றுகிறார்.

தவணை கடந்த பின்னர் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டப்பணம். மாதத்துக்கு 1,500 திர்ஹம். கடைநிலைப் பணியாளர் பலருடைய மாதச் சம்பளமே அதைவிடக் குறைவு. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று படுக்கையிடம் மாத்திரம் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை, நோய் வந்தாலும் வைத்தியசாலைக்குப் போக அஞ்சி, வெளியே செல்லும்போதெல்லாம் பொலிஸைக் கண்டு ஒதுங்கி, ஊருக்கு அழைப்பெடுக்கும்போது மாத்திரம் சிரித்துப் பேசுகிறான். அவன் பேசும் இடத்தின் பின்னணியில் தெரியும் உயர்ந்த கட்டடத்தைப் பார்த்து இங்கே உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறார்.

சவூதி அரேபியாவுக்கென்று விற்கப்படும் 'ப்ரீ விசா' பற்றியும் ஒரு வார்த்தை. அப்படியொரு விசா சட்டத்தில் கிடையாது. ஒரு கபீலின் பெயரில் விசா பெற்று, அவருக்கு மாதாமாதம் பணம் கட்டி, வேறிடத்தில் வேலை செய்வதற்குத் தரகர்கள் சூட்டிய பெயர் அது. கபீல் ஹுரூப் என்று, அதாவது ஓடிப்போனவர் என்று முறையிட்டால், அந்த மனிதர் சட்டவிரோதமானவர் ஆகிவிடக்கூடும். 2013ஆம் ஆண்டு சவூதி அரசு வழங்கிய பொதுமன்னிப்புக் காலத்தில் ஆவணங்களைச் சரிசெய்துகொள்ள வரிசையில் நின்ற இலட்சக்கணக்கானோரில் இவ்வாறானோர் ஏராளம்.

பெண்களின் விடயம் இதனினும் பாரதூரமானது. சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் ஓமானில் வீட்டுப் பணிக்கென விலைபேசப்பட்ட செய்தி 2022 நவம்பரில் நாட்டையே உலுக்கியது. அங்குள்ள எமது தூதரகத்தில் பணியாற்றிய ஓர் அதிகாரியே அவ்விவகாரத்தில் கைதுசெய்யப்பட்டார். ஆண்கள் தப்பித்துவிட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். கணினி வேலை என்று தாய்லாந்துக்கு வரவழைக்கப்பட்ட இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவதிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதும், அவர்களில் சிலர் 2024ஆம் ஆண்டில் மீட்டு வரப்பட்டதும் நாம் அறிந்தவையே.

பொய் ஆவணம் எவ்வளவு தூரம் ஒரு மனிதரைத் துரத்தும் என்பதற்கு மூதூரின் ரிஸானா நபீக்கை விட வேறு உதாரணம் வேண்டியதில்லை. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் எழுதப்பட்டதோ 1982. பதினேழு வயதுச் சிறுமி, இருபத்து மூன்று வயதுப் பெண்ணாக 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது, வழக்கு நடந்தது, 2013 ஜனவரி 9இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வழக்கின் உள்விவரங்களுக்குள் நாம் செல்லவில்லை. அந்த ஆறு ஆண்டுகளை மாத்திரம் பாருங்கள். வறுமையைப் போக்குவதற்காக யாரோ ஒரு தரகர் கூட்டிய அந்த ஆறு ஆண்டுகள், அவர் வயது குறைந்தவர் என்று உலகெங்குமிருந்து எழுந்த குரல்களுக்கு எதிரே, அவருடைய கடவுச்சீட்டிலேயே சான்றாக நின்றன.

இவ்விடத்தில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் கூறியாக வேண்டும். விசிட் விசாவில் இருந்துகொண்டு உழைத்த பணம் ஹலாலா, ஹராமா? சமகால அறிஞர்கள் பலர் இதனை இரண்டாகப் பிரித்து நோக்குகிறார்கள். செய்த வேலை தன்னளவில் ஆகுமானதாக இருந்தால், உழைப்புக்குக் கிடைத்த கூலி உழைத்தவருக்குச் சொந்தமானது. அது திருடிய பணம் போன்றதன்று. ஆனால் நிபந்தனையை மீறிய குற்றம் தனியாக நிற்கிறது. அதற்குத் தவ்பா வேண்டும். அந்த நிலையிலிருந்து விலகுவதும் வேண்டும். இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. விசாவைக் காரணம் காட்டிக் கூலியைத் தடுத்து வைக்கும் முதலாளி, அவர் அரபியாகவோ ஹாஜியாராகவோ இருப்பினும், அநியாயக்காரரே. கூலிக்கு ஆள் பிடித்து, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலி கொடாதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்று புகாரியில் பதிவான ஹதீஸ் குத்ஸி கூறுகிறது. அதில் விசாவைப் பற்றிய விதிவிலக்கு எதுவுமில்லை.

மதிப்புக்குரிய பெற்றோர்களே, உங்களிடம் சற்றுக் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளை எந்த விசாவில் போகிறான் என்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. குமர் காரியம் ஒன்று வீட்டில் காத்திருக்கிறது. மருமகன் வீட்டார் கட்டிய வீடு கேட்கிறார்கள். மகனோ இருபது வயதில் முச்சக்கரவண்டி தரிப்பிடத்தில் பொழுதைக் கழிக்கிறான். உங்கள் அவசரம் எமக்கு விளங்குகிறது. ஆயினும் ஒரு மகளுக்குச் சீதன வீடு கட்டுவதற்காக ஒரு மகனைச் சட்டவிரோதமானவனாக்குவது எந்த நீதியைச் சேர்ந்தது? மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்குமாறு பணித்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, பெண் வீட்டாரிடம் வீடு கேட்கும் வழக்கத்தை ஒழிக்காதவரை, விசிட் விசா விற்பவருக்கு எமது ஊர்களில் வாடிக்கையாளர் குறையமாட்டார். இதனை முகவர்களுக்கு முன்னர், மஸ்ஜித் நிர்வாகங்களிலும் மணமகன் வீடுகளிலும் சொல்ல வேண்டும்.

முகவருக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் உங்கள் பொறுப்பே. வட்டிக்கு நகை அடகு, நுண்கடன் கம்பனியில் உம்மாவின் பெயரில் வாராந்தக் கடன் என்று தொடங்கும் பயணம், ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடும் பயணம் என்று எப்படிப் பெயர் பெறும்? ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற்சட்டம், ஆள்சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக்கூடாது என்கிறது. உண்மையான வேலைக்கு அங்குள்ள முதலாளி செலவழிக்கிறார். இல்லாத வேலைக்குத்தான் எமது உம்மாமார் செலவழிக்கிறார்கள்.

மணமுடித்த ஆண்கள் பற்றி: படை சென்ற கணவனின் பிரிவால் ஒரு பெண் இரவில் வருந்திப் பாடியதைக் கேட்ட உமர் (ரழி) அவர்கள், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகள் ஹப்ஸா (ரழி) அவர்களிடம் வினவி, அதற்கேற்பப் படையினரின் தவணையை அமைத்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நான்கு ஆண்டு என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. முறையான ஒப்பந்தத்தில் செல்பவருக்கு விடுமுறையும் விமானச் சீட்டும் பேசிக்கொள்ள இடமுண்டு. தண்டப்பணம் ஏறிப்போன விசிட்காரர் வாப்பா மௌத்தானாலும் வர வழியின்றி, கைத்தொலைபேசியில் ஜனாஸாவைப் பார்த்து அழுகிறார்.

அப்படியாயின் போகும் வழி என்ன? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இந்தப் பயணத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது பின்வருமாறு அமையும். முகவருக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, அவர் சொல்லும் குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து வினவுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்டால் கோபப்படும் முகவரை அத்தோடு விட்டுவிடுங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலைக்கான முன்மொழிவுக் கடிதம் 2016 முதல் அமைச்சின் பொதுப் படிவத்திலேயே வழங்கப்பட வேண்டும். தொழிலாளி விளங்கிக்கொள்வதற்கென அரபு, ஆங்கிலத்தோடு வேறு பல மொழிகளிலும் அது உண்டு, அவற்றுள் தமிழும் ஒன்று. தமிழில் வாசிக்கத் தருமாறு கேளுங்கள். சம்பளம், தங்குமிடம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே இறங்கியதும் வேறொரு தாளை நீட்டிக் குறைந்த சம்பளத்துக்குக் கையொப்பம் கேட்டால், கையிலுள்ள முதல் தாளே உங்கள் சாட்சி. பின்னர் பணியகத்தில் பதிவுசெய்துவிட்டுப் புறப்படுங்கள். பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு, ஏதும் நேர்ந்தால் தேடுவதற்கு ஓர் அரச பதிவேடு உண்டு.

முகவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனமே அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பது தற்செயலன்று. தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விடுவதை அவ்வசனம் விரும்பவில்லை. ஊரில் யாருக்காவது கடன் இருந்தால் அதனையும் எழுதி வைத்து, வஸிய்யத்தும் எழுதிவிட்டுப் போவது ஸுன்னத்தைப் பேணுவோரின் வழி. இஸ்திகாராவும் செய்யுங்கள். ஆனால் எல்லாப் பணமும் கட்டி முடித்து, பயணப்பொதியும் கட்டிய பின்னர் இஸ்திகாராத் தொழுவதில் என்ன பயன்? முன்மொழிவு வந்த நாளிலேயே தொழுதிருக்க வேண்டும்.

ஏற்கனவே விசிட்டில் சென்று தவணை கடந்து நிற்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இதைச் சொல்கிறோம். அவர்களை ஏசுவதால் பயனில்லை. மறைந்திருக்கச் சொல்வதாலும் பயனில்லை. தண்டப்பணம் நாளுக்கு நாள் கூடுகிறது. அபூதாபியில் எமது தூதரகமும் துபாயில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. அங்கு போய்ப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்திருந்தால், அவ்வாறு வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் அவருக்கு உரிமை தரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அந்நாட்டு அரசு 2018ஆம் ஆண்டிலும், 2024 செப்டெம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலும் பொதுமன்னிப்பு வழங்கியது. தண்டப்பணமின்றி, மீண்டும் வருவதற்குத் தடையுமின்றிப் பலர் நாடு திரும்பினார்கள். வேலை கிடைத்தோர் அங்கேயே முறைப்படி மாறிக்கொண்டார்கள். இவ்வாறான அறிவித்தல் மீண்டும் வந்தால் அதை முதல் வாரத்திலேயே பயன்படுத்தச் சொல்லுங்கள். இறுதி வாரத்தில் வரிசை நீளும். அறிவித்தல் வரும் என்று காத்திருந்து தண்டப்பணத்தைப் பெருக்கிக்கொள்ளவும் வேண்டாம். திரும்பி வருபவனின் விமானச் சீட்டுக்குப் பணம் இல்லையென்றால், அவனது மஹல்லாவின் ஸகாத் நிதியில் கடனாளிக்கும் வழிப்போக்கனுக்கும் சூரத்துத் தவ்பாவின் 60ஆவது வசனம் ஒதுக்கிய பங்கு இருக்கிறது. மஸ்ஜித் நிர்வாகத்தை அணுகிக் கேளுங்கள்.